பிளான் 100, ஆனா மாடிக்கு ஃபைல் போக நாலு மணி நேரம்

மே 18, இரவு 9.40. கேட்டவர், தக்கலைப் பக்கம்

கல்யாண வீடியோ, போட்டோ வேலை. கீழ கம்ப்யூட்டர், மாடில லேப்டாப், ரெண்டும் வைஃபைலதான் ஓடுது. ஃபைபர் பெட்டி முன்னறைல டிவிக்குப் பின்னாடி இருக்கு. பிளான் 100 எம்பிபிஎஸ். ஒரு கல்யாணத்துக்கு 60 ஜிபி வரும். அதை மாடிக்கு அனுப்ப நாலு மணி நேரத்துக்கு மேல ஆவுது. சில நாளு மாடி லேப்டாப்புல கீழ உள்ள கம்ப்யூட்டரே தெரியாது. கடைசில பென்டிரைவ்ல தூக்கிட்டு ஏறி இறங்குறேன். பிளானை 300 ஆக்கிட்டா சரியாவுமா அண்ணே?

மே 18, இரவு 11.15. பதில்

ஆகாது. 300 ஆக்கினால் ஒரு நிமிஷம்கூட மிச்சமாகாது.

பிளான் வேகம் தெருக் கம்பத்திலிருந்து பெட்டி வரைக்கும்தான். கீழேயிருந்து மாடிக்குப் போகிற ஃபைல் வீட்டுப் படியைத் தாண்டுவதே இல்லை. மாசக் காசு கட்டாமல் லைனைத் துண்டித்துவிட்டாலும் அது அதே வேகத்தில் போகும்.

கணக்குப் போட்டுப் பார். 60 ஜிபி நாலு மணி பத்து நிமிஷத்தில் போனால் நொடிக்கு 4 எம்பி. பிளான் வேகத்தை பிட்டில் சொல்வார்கள், விண்டோஸ் காப்பி ஆகும்போது பைட்டில் காட்டும். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக உன் 4 எம்பி என்பது 32 எம்பிபிஎஸ்.

ஏன் 32? 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில், சேனல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்றால், ரெண்டு ஆன்டெனா உள்ள லேப்டாப் 144 எம்பிபிஎஸ் என்று காட்டும். அது காகிதக் கணக்கு. கையில் கிடைப்பது அதில் பாதி, 70 சொச்சம். உன் வீட்டில் ரெண்டு பக்கமும் வைஃபை. ஒவ்வொரு துண்டும் கீழ் கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு தடவை, பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு தடவை, அதே சேனலில் ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் பேசுகிற முறையில் போகிறது. அதனால் 70 மறுபடியும் பாதி. மீதி அந்த 32.

எனவே முதல் வேலை, கீழ் கம்ப்யூட்டரையும் பெட்டியையும் லேன் வயரால் இணைப்பது. அது ஒன்றே வேகத்தை ஏறக்குறைய இரட்டிக்கும். ரெண்டு பக்கமும் வயர் என்றால் நொடிக்கு 110 எம்பி, 60 ஜிபி பத்து நிமிஷத்துக்குள் முடியும்.

பென்டிரைவைப் பழிக்காதே. எழுதும்போது நொடிக்கு 25 எம்பி என்றாலும் 40 நிமிஷம், மாடியில் இறக்க ஒரு பத்து. உன் வைஃபையைவிட உன் காலுக்கு வேகம் கூடுதல் மக்கா.

மே 19, காலை 6.50

நேற்று ராத்திரி 110 எம்பி என்று தாராளமாக எழுதிவிட்டேன். பெட்டியில் உள்ள துளை கிகாபிட்டாக (1000 எம்பிபிஎஸ்) இருந்தால்தான் அது. நெட் கம்பெனிகள் தருகிற பெட்டிகள் பலவற்றில் நாலு லேன் துளை இருக்கும், ஒன்று மட்டும் கிகாபிட், மிச்சம் மூன்றும் 100 எம்பிபிஎஸ். பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் ஜிஇ, எஃப்இ என்று போட்டிருக்கும். ஜிஇ என்றால் கிகாபிட், எஃப்இ என்றால் 100. அதில் செருகினால் 11 எம்பிக்கு மேல் ஏறாது, 60 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம்.

வழி: ஐந்து துளை கிகாபிட் ஸ்விட்ச் (லேன் வயர்களை ஒன்றோடொன்று இணைக்கிற சின்னக் கருவி) ஒன்று. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கீழ் கம்ப்யூட்டர், மாடிக்குப் போகிற வயர், பெட்டி மூன்றையும் அதில் செருகு. கம்ப்யூட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் போகிறது ஸ்விட்சோடு திரும்பிவிடும், பெட்டியை எட்டிக்கூடப் பார்க்காது. பெட்டி எவ்வளவு மட்டமாக இருந்தாலும் கவலையில்லை.

மே 19, மதியம் 1.20. கருங்கலிலிருந்து ஒருவர்

ஸ்விட்ச்சும் வயரும் எதுக்கு? பெட்டிக்குப் பின்னாடி யூஎஸ்பி துளை இருக்குல்லா, அதுல ஒரு ஹார்டு டிஸ்க்கைச் செருகி விட்டா ரெண்டு பேருக்கும் பொதுவா ஆயிருமே.

மே 19, இரவு 10.05

ஆகும், பாட்டு கேட்கவும் ரெண்டு பிடிஎஃப் எடுக்கவும். பெட்டிக்குள் இருக்கிற சின்ன சிப்புக்கு நெட்டை ஓட்டவே மூச்சு முட்டும். டிஸ்க் வேலையையும் அதன் தலையில் வைத்தால் வேகம் கிடைக்காது. டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறவே ஏறாது, கல்யாண வீடியோ அங்கேயே நின்றுவிடும். கரண்டு போகும்போது எழுதிக்கொண்டிருந்தால் டிஸ்க்கின் கதி வேறு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: யூஎஸ்பி 3 டிஸ்க்கும் அதன் வயரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும். பெட்டியின் ஆன்டெனாவுக்கு ஒரு சாண் தள்ளி அதை வைத்தால் வைஃபை தானாக மெலியும்.

மே 20, இரவு 9.30

வயர் வாங்கும்போது ஏமாறுகிற இடம். கேட் 6 (லேன் வயரின் தரம்) என்று அச்சடித்திருக்கும், உள்ளே அலுமினியக் கம்பி மேல் செம்புப் பூச்சு. கடையில் ஒரு நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரியும். கையில் எடுத்தால் எடையும் இருக்காது. முழுச் செம்பு கேட் 5இ கிடைத்தாலே போதும், அது 100 மீட்டர் வரைக்கும் கிகாபிட் தாங்கும். மாடிக்கு வளைத்து வளைத்துப் போனாலும் 25 மீட்டர் தாண்டாது.

கிரிம்ப் (வயர் நுனியில் பிளக் மாட்டி அழுத்துவது) வரிசை, பிளக்கின் கிளிப் கீழ்ப்பக்கம் இருக்க இடமிருந்து வலம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ரெண்டு நுனியும் இதே. எட்டு இழையும் முன்சுவரில் முட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அழுத்து. மேலுறையும் பிளக்குக்குள் ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் இழுக்கிற இழுப்பெல்லாம் இழை மேல் விழும்.

இணைத்ததும் விண்டோஸில் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு பார். 1000 என்று இருக்க வேண்டும். 100 என்று காட்டினால் நாலு ஜோடியில் ஏதோ ஒன்று தொடவில்லை. 100க்கு 1, 2, 3, 6 என்ற நாலு இழை போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலமும் பிரவுனும் கைவிட்டால் நெட் வரும், யாருக்கும் சந்தேகம் வராது, வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகும். வருஷக்கணக்காக அப்படியே ஓடுகிற வீடுகள் உண்டு.

கரண்டு வயர் போகிற அதே பைப்பில் இதை நுழைக்காதே. இரைச்சலைவிடப் பெரிய விஷயம், உறை தேய்ந்து தொட்டுக்கொண்டால் 230 வோல்ட் நேராக லேப்டாப்புக்கு வரும்.

மே 21, காலை 7.10

டிவிக்குப் பின்னாடி பெட்டி. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். டிவியின் பின்பக்கத் தகடு ஒரு இரும்பு பீரோவுக்குச் சமம். பெட்டியை எடுத்து மாடிப்படி தொடங்குகிற இடத்தில், ஆள் உயரத்தில் வை. கான்கிரீட் தட்டைத் துளைப்பதைவிடப் படிக்கட்டுத் திறப்பு வழியாகச் சிக்னல் சுலபமாக ஏறும். ரெண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றை நேராக நிறுத்து, மற்றதைப் படுக்கவை. நேராக நிற்கிறது அந்தத் தளத்துக்கு, படுத்திருக்கிறது மேல்தளத்துக்கு. பழைய ஓட்டு வீடு, மரமச்சு என்றால் இந்தத் தொல்லையே இல்லை, மரத்தை வைஃபை பெரிதாகக் கண்டுகொள்ளாது. வெட்டுக்கல் சுவர் அப்படி இல்லை, அதுவும் மழையில் ஊறி நின்றால் இன்னும் கூடுதலாகக் குடிக்கும்.

மே 22, இரவு 8.55. கேட்டவர்

பெட்டியை மாத்தி வச்சாச்சு. வயர் நாளைக்கு. ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு அண்ணே, மாடில ஒரு பழைய ரௌட்டரும் இருக்கு. பெட்டில இருந்து ஏற்கெனவே ஒரு வயர் அதுக்குப் போவுது. லேப்டாப் சில நேரம் அதைப் பிடிக்கும், சில நேரம் கீழ உள்ளதைப் பிடிக்கும்.

மே 22, இரவு 10.40

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் மே 18ல் எழுதியதில் பாதி வேண்டாம். கம்ப்யூட்டர் சில நாள் தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

அந்த வயர் மாடி ரௌட்டரின் வேன் துளையில் (நெட் உள்ளே வருகிற துளை, நிறம் வேறாக, தனியாக இருக்கும்) செருகியிருக்கும். அப்படிச் செருகினால் அது தனக்கென்று ஒரு குடும்பம் நடத்தும். கீழே எல்லாருக்கும் 192.168.1 என்று தொடங்குகிற ஐபி (நெட்வொர்க்கில் ஒவ்வொன்றுக்கும் உள்ள முகவரி எண்), மாடியில் 192.168.0 என்றோ வேறு ஏதோ. லேப்டாப் கீழ் வைஃபையைப் பிடித்த நாள் கம்ப்யூட்டர் தெரியும், மேல் வைஃபையைப் பிடித்த நாள் தெரியாது. நெட் ரெண்டிலும் வருவதால் வித்தியாசம் கண்ணுக்குப் படாது.

ஒரு வீட்டில் ஐபி கொடுக்க ஒரே ஆள்தான் இருக்க வேண்டும். அதற்கு டிஹெச்சிபி என்று பெயர். அந்த வேலையைப் பெட்டி பார்க்கட்டும்.

மாடி ரௌட்டரை எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, லேப்டாப்பை மட்டும் வயரில் அதோடு இணை. உள்ளே போய் முதலில் அதன் லேன் ஐபியை 192.168.1.2 ஆக்கு. மறுபடி அந்த ஐபியில் நுழைந்து டிஹெச்சிபியை நிறுத்து. வரிசை மாறினால் ரௌட்டருக்குள் போக வழி தெரியாமல் நிற்பாய். அப்போது பின்னால் உள்ள ரீசெட் துளையில் பத்து நொடி குண்டூசி வைத்து முதலிலிருந்து தொடங்கு. முடிந்ததும் கீழேயிருந்து வருகிற வயரை லேன் துளையில் செருகு, வேன் துளை காலியாக இருக்கட்டும். செட்டிங்ஸில் ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று ஒரு தேர்வு இருந்தால் இவ்வளவும் ஒரே சொடுக்கில் முடியும்.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழேயும் மேலேயும் ஒன்றாக இருக்கலாம், சேனல் வேறாக இருக்க வேண்டும். கீழே 1, மேலே 6 அல்லது 11. நடுவில் உள்ள 3, 4, 8 எல்லாம் ரெண்டு பக்கத்துச் சேனலையும் சேர்த்துக் கெடுக்கும். பாஸ்வேர்டுப் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2, பூட்டு வகை ஏஇஎஸ். டிகேஐபி என்று இருந்தால் மாற்று, அது இருக்கும்வரை 54 எம்பிபிஎஸ் தாண்டாது.

மே 24, மதியம் 3.00

இனி ஷேரிங். விண்டோஸ் 10, 11 ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹோம்குரூப் என்று பழைய யூடியூப் வீடியோக்களில் வரும், 2018லேயே அதை எடுத்துவிட்டார்கள், தேடாதே.

ரெண்டு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் செட்டிங்ஸில் பப்ளிக் என்று இருப்பதைப் பிரைவேட் ஆக்கு. பப்ளிக்கில் கதவு சாத்தியே இருக்கும். பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் ரெண்டையும் ஆன் செய். பாஸ்வேர்டு புரொடக்டெட் ஷேரிங்கை ஆஃப் செய்யச் சொல்லி நிறைய பேர் யோசனை சொல்வார்கள். வேண்டாம்.

கீழ் கம்ப்யூட்டரில் அக்கவுன்ட்ஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஒரு லோக்கல் யூசர் உண்டாக்கு, பாஸ்வேர்டோடு. ‘மாடி’ என்றே பெயர் வைத்துக்கொள். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங். பெர்மிஷன்ஸில் எவ்ரிஒன் என்பதை நீக்கி ‘மாடி’யைச் சேர்த்து ரீட், சேஞ்ச் ரெண்டும் கொடு. பக்கத்தில் செக்யூரிட்டி டேபிலும் அதே ஆளுக்கு மாடிஃபை கொடு. ரெண்டு பட்டியலில் எது கறாரோ அதுதான் செல்லும். ஒன்றில் கொடுத்து மற்றதில் விட்டுவிட்டால் ஃபோல்டர் பெயர் தெரியும், உள்ளே போனால் அனுமதி இல்லை என்று சொல்லும். (பெர்மிஷனில் ‘மாடிஃபை’, யூசர் பெயர் ‘மாடி’. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, குழம்ப வேண்டாம்.)

கீழ் கம்ப்யூட்டருக்கு ஐபி மாறாமல் இருக்க வேண்டும். பெட்டியின் டிஹெச்சிபி பக்கத்தில் ரிசர்வேஷன் என்ற இடத்தில் அதன் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் சொந்த எண்) 192.168.1.20 என்று பதிந்து வை. லேப்டாப்பில் எக்ஸ்புளோரர் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று அடி. பின்சாய்வுக்கோடு ரெண்டு, முன்சாய்வு இல்லை. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும், நினைவில் வைக்கச் சொல்லி டிக் செய். மேப் நெட்வொர்க் டிரைவ் கொடுத்தால் இஸட் டிரைவாக எப்போதும் நிற்கும்.

மே 25, காலை 6.30

நேற்றையதைத் திரும்பப் படித்தேன். அட்வான்ஸ்டு ஷேரிங் வழியைத் தூக்கிப் போடு. அதற்கு மேலேயே சாதாரண ‘ஷேர்’ பட்டன் இருக்கிறது. அதில் ‘மாடி’யைச் சேர்த்து ரீட்/ரைட் கொடுத்தால் ரெண்டு பட்டியலையும் விண்டோஸே பார்த்துக்கொள்ளும். பழக்கதோஷத்தில் சுற்றுவழியைச் சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டரைத் திறக்கப் போடுகிற நாலிலக்க பின் நம்பர் நெட்வொர்க்கில் செல்லாது, பாஸ்வேர்டுதான் செல்லும். ‘சரியாத்தான் அடிக்கேன், ஏத்துக்க மாட்டேங்குது’ என்ற புலம்பலில் பாதி இதுதான்.

மே 25, இரவு 9.15. மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்

போன வருஷம் வரை ரௌட்டரில் செருகின டிஸ்க் லேப்டாப்பில் நன்றாகத் திறந்தது. விண்டோஸ் 11 அப்டேட் ஆனதிலிருந்து, நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று சொல்கிறது. நான் எந்த நிறுவனத்திலும் இல்லை!

மே 25, இரவு 11.00

உங்கள் வீடுதான் அந்த நிறுவனம். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து புரோ போன்ற வகைகளில், பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை மூடிவிட்டார்கள், எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் பகிர்கிற முறை) கையொப்பமும் கட்டாயம். ரௌட்டரின் ஷேரிங் பக்கத்தில் யூசரும் பாஸ்வேர்டும் வைக்க இடமிருந்தால் வையுங்கள், பெரும்பாலும் திறந்துவிடும். அது எஸ்எம்பி1 மட்டுமே தெரிந்த பழைய ரௌட்டர் என்றால் விட்டுவிடுங்கள். எஸ்எம்பி1ஐ விண்டோஸில் திரும்ப நிறுவலாம் என்று எங்கும் எழுதியிருக்கும். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை புகுந்து பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். ஷேரிங் நடக்கிற 445 போர்ட்டை வெளியே திறந்துவிடச் சொல்கிறவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள்.

மே 29, மாலை 5.45. குலசேகரத்திலிருந்து ஒருவர்

எங்க வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில ரப்பர் விளை, 150 மீட்டர் இருக்கும். ரெண்டு வீட்டுக் கம்ப்யூட்டரையும் சேர்க்கணும். தை மாசத்தில வயர்லெஸ் டிஷ் ரெண்டு வச்சோம், அருமையா ஓடிச்சு. மாசி கடைசில இருந்து விட்டு விட்டு வருது. டிஷ் கேடா?

மே 29, இரவு 10.20

டிஷ் நன்றாகத்தான் இருக்கும். தையில் ரப்பர் இலை உதிர்த்து மொட்டையாக நின்றது, மாசியில் தளிர்விட்டுத் தழைத்துவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் இலையைத் தாண்டாது, மழையில் நனைந்த இலை என்றால் சுவர் மாதிரி. 150 மீட்டருக்கு, நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றரை மீட்டர் வெட்டவெளி வேண்டும். ரப்பர் மரத்துக்கு மேலே அவ்வளவு உயரம் தூக்க டவர்தான் கட்ட வேண்டும்.

லேன் வயர் 100 மீட்டரோடு சரி, அதனால் அதுவும் ஆகாது. ஆனாலும் வெளியில் வயர் போட வேண்டாம் என்பதற்கு இடிதான் முதல் காரணம். சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மத்தியானத்துக்கு மேல் வெட்டுகிற இடிக்கு, ரெண்டு வீட்டை இணைக்கிற செம்புக் கம்பி விருந்து வைத்த மாதிரி. மரத்தில் விழுந்தாலும் வயரில் பாய்ந்து ரெண்டு முனையிலும் உள்ளதைக் கருக்கும்.

ஃபைபர் போடுங்கள். ஒற்றை இழை சிங்கிள் மோடு, ரெண்டு முனையிலும் கிகாபிட் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபர் ஒளியை லேன் வயருக்கு மாற்றுகிற கருவி). வாங்கும்போது ஏ ஒன்று, பி ஒன்று. ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550ல் வாங்கும், மற்றது நேர்மாறு. ரெண்டும் ஏ என்று தூக்கிக்கொடுத்தால் விளக்கே எரியாது. கேபிளோடு ஒட்டி வருகிற இரும்புக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட்டு, கண்ணாடி இழை மட்டும் உள்ளே வரட்டும். இரும்பு உள்ளே வந்தால் ஃபைபர் போட்ட பலன் போச்சு.

ஜூன் 2, காலை 7.00

இடி பற்றி இன்னொன்று. வெட்டத் தொடங்கியதும் பெட்டியின் கரண்டு பிளக்கைப் பிடுங்குவார்கள், லேன் வயரை அப்படியே விடுவார்கள். ஒரு முனையில் நெட்வொர்க் ஸ்விட்ச்சோ டிவியோ இன்னும் கரண்டில் இருந்தால் அந்த வழியாக வரும். ரெண்டையும் பிடுங்கு.

குளச்சல், முட்டம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு: திடீரென்று 1000 இலிருந்து 100க்கு இறங்கினால் வயரை மாற்றும் முன் பிளக்கைப் பார். உப்புக் காற்றில் பித்தளைப் பச்சை பிடித்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத்பிரஷ், ரெண்டு நிமிஷ வேலை. பிளக் வாங்கும்போது தங்கப்பூச்சு தடிமன் கேள். கடையில் ‘50 மைக்ரான்’ என்பார்கள். அது 50 மைக்ரோ இன்ச், ஒன்றேகால் மைக்ரான். 50 மைக்ரான் தங்கம் இருந்தால் அடகுக்கடைக்குப் போகலாம்.

ஜூன் 5, இரவு 9.50. கேட்டவர்

வயர் போட்டாச்சு, ஸ்விட்ச்சும் வச்சாச்சு, லிங்க் 1000 காட்டுது, மாடி ரௌட்டரும் நீங்க சொன்னபடி. வீடியோ ஃபைல் 110ல தொடங்கி கொஞ்ச நேரத்தில 70க்கு வருது. போட்டோ ஃபோல்டர் 20தான். 60 ஜிபி மொத்தத்துல 22 நிமிஷம்.

ஜூன் 5, இரவு 11.10

22 நிமிஷம். நான் பத்து என்று சொன்னது டிஸ்க்கைக் கணக்கில் எடுக்காமல். லேப்டாப்பில் சுழல்கிற ஹார்டு டிஸ்க்தானே? முதலில் 110 காட்டுவது ரேமில் விழுகிற வேகம், அது நிரம்பியதும் டிஸ்க்கின் சொந்த வேகம் தெரிகிறது. போட்டோ மெதுவாக வருவது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல் என்பதால். ஒவ்வொன்றையும் திறந்து, பெயர் எழுதி, மூட நேரம் போகிறது. அமுக்காமல் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்பினால் கொஞ்சம் கூடும், ஆனால் கட்டுகிற நேரத்தையும் சேர்த்தால் பெரிய மிச்சம் இல்லை. லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டால் பத்து நிமிஷத்துக்குப் பக்கம் வரும். வயரை இனி தொடாதே.

கீழ் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போனால் இஸட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி விழும். பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நெவர் ஆக்கு, திரை மட்டும் அணையட்டும்.

ஜூன் 9, காலை 6.40

இன்வெர்ட்டர் இருந்தும் கரண்டு போகும்போது காப்பி நின்றுபோகிறது என்று கேட்டிருந்தாய். இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கணத்தில் பெட்டியும் ஸ்விட்ச்சும் அணைந்து எழும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று பெட்டிக்கு, ஸ்விட்ச்சுக்கும் அதன் வோல்ட்டில் ஒன்று. வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார், யூபிஎஸ் அதற்குக் குறையக் கூடாது.

ஸ்விட்ச்சின் அடாப்டர் பெரும்பாலும் 5 அல்லது 9 வோல்ட், பெட்டியுடையது 12. செருகும் முனையின் அளவு ஒன்றாகவே இருக்கும், மாற்றிச் செருகினால் ஸ்விட்ச் போய்விடும். ரெண்டு அடாப்டரிலும் வெள்ளை டேப் ஒட்டி எது எதற்கு என்று இன்றைக்கே எழுதி வை.